எட்டாததுதான் உசத்தியோ?

இத்தாலிக் கார் எண்டால் கலை, அமெரிக்கக் கார் எண்டால் வெறும் இரும்பு. இப்பிடிக் கதைக்கிற ஆக்கள் எங்கடை சனத்துக்கை கனபேர். அவையளிட்டை ஒரு கேள்வி: அந்தக் கலையை ஆர் ஓட்டினது?

1962 முதல் 1964 வரை பெராரி செய்த 250 ஜீ.ரீ.ஓ கார்கள் மொத்தம் 36தான். அமெரிக்காவிலை விலை 18,000 டொலர். காசு இருந்தாலும் காணாது; வாங்கிற ஆளை என்சோ பெராரிக்குப் பிடிக்கவும் வேணும்.

1964இலை பொன்ரியாக் கொம்பனி அதே ஜீ.ரீ.ஓ எண்ட பேரைக் கூச்சமில்லாமல் எடுத்துத் தன்ரை காருக்கு வைச்சுது. பெரிய வித்தை ஒண்டுமில்லை. பெரிய காருக்குப் போடுற 6.4 லீற்றர் வி8 எஞ்சினைத் தூக்கி, ரெம்பெஸ்ற் எண்ட நடுத்தரக் காருக்குள்ளை இறக்கினது. ரெம்பெஸ்ற் விலைக்கு மேலை 300 டொலருக்கும் குறைவாய்க் குடுத்தால் காணும். முதல் வருசமே 32,000க்கு மேலை வித்துது.

பெராரிக்கு டிஸ்க் பிரேக், இதுக்கு நாலு சில்லுக்கும் ட்ரம் பிரேக். வளைவிலையும் பெராரியோடை நிக்காது. எல்லாம் உண்மைதான். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்யிறவன் தவணைக் காசு கட்டி வாங்கினான். வீட்டு வாசலிலை பொனற்றைத் திறந்து தானே திருத்தினான். வேகம் அவனுக்கும் கிடைச்சுது.

2023இலை நியூயோர்க் ஏலத்திலை ஒரு 250 ஜீ.ரீ.ஓ 5 கோடி டொலருக்கு மேலை போச்சுது. அது கார் வாங்கினதோ, காணி வாங்கினதோ?

பெராரி வடிவில்லை எண்டு நான் சொல்லேல்லை. ரெண்டு வேலை செய்து வாடகை கட்டுற நாங்கள், எங்களைப்போல ஆக்களுக்கெண்டு செய்த காரை இளக்காரமாய்ப் பாக்கிறதைத்தான் சொல்லுறன். எட்டாததுதான் உசத்தி எண்டு நினைக்கிறது ரசனை இல்லை. குனிஞ்சு பழகின முதுகு.