தயங்கும் கைகளுக்குத் தேவை சட்டத் துணை

புனேயை அடுத்த பிம்ப்ரி போன்ற தொழில் நகரில், ஆலைக்குள் ஒருவர் மூச்சுப் பேச்சின்றிச் சாய்ந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருப்பது ஆபத்து. இதயத் துடிப்பு நின்றபின் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பைப் பத்து சதவீதம் வரை குறைக்கும். அருகிலிருப்பவரே மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும்.

2023 டிசம்பர் 6 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் நாடெங்கும் இப்பயிற்சியை நடத்தியது வரவேற்கத்தக்கதே. எனினும், ஒருநாள் பயிற்சியில் கை பழகிவிடாது. விலா எலும்பு முறியுமோ, வழக்கு வருமோ என்ற அச்சமும் நீங்காது.

2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, வாகன விபத்தில் சிக்கியோருக்கு உதவுபவரையே காக்கிறது. ஆலையில் சக தொழிலாளியைக் காக்க முனைபவருக்கு அப்பிரிவு துணை நிற்காது. அப்பாதுகாப்பை அவருக்கும் நீட்டிக்க நாடாளுமன்றம் முன்வர வேண்டும்.