ஒரு வீட்டிற்கு ஓர் உலை



சென்ற மாதம் வீடு சந்திக்கச் சென்றபோது, ஓர் இல்லத்தின் அடுப்படியில் மூன்று பாத்திரங்களைக் கண்டோம். ஒன்றில் குடும்பத் தலைவருக்கு ஓட்ஸ் கஞ்சி. மற்றொன்றில் பிள்ளைகளுக்குச் சோறு. மூன்றாவதில் முந்தைய நாள் மீந்த சோறு. "இது யாருக்கு, அம்மா?" என்று வினவினோம். "எனக்குத்தான் சாமி, வீணாகக் கூடாதே" என்றார் அந்த அன்னை.

அவருடைய கணவர் கொத்தனார். நீரிழிவு கண்டு ஆறு திங்கள் ஆகின்றன. அன்று முதல் அவருக்குத் தனிச் சமையல். டப்பாவில் வரும் சத்துமாவும் ஓட்ஸும் வாங்கி வாங்கி மளிகைக் கடன் ஏறியிருக்கிறது. கஞ்சி குடித்து வேலைக்குப் போகிறவர், பத்து மணிக்கே பசி தாளாமல் தேநீர்க் கடையில் வடை தின்கிறார். அதனையும் அவரே ஒப்புக்கொண்டார். இவ்வளவிற்கும் இடையில், அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அந்த அன்னைக்கும் சர்க்கரை மிகுதி என்று தெரிய வந்துள்ளது. கணவர் தட்டைக் காத்தவரின் தட்டை எவரும் பார்க்கவில்லை.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்று கணித்தது. அது குடும்ப வழியிலும் தொடரக்கூடிய நோய். ஆகவே, தந்தைக்கு நலம் தரும் உணவு தாய்க்கும் பிள்ளைகளுக்கும் நலம் தருவதே. பிணியாளருக்கென்று தனி உலை வைப்பதைவிட, வீட்டு உலையையே சற்று மாற்றுவது அறிவுடைமை. செலவும் குறையும்; தாயின் வேலையும் குறையும்.

"சிறுதானியம் வாங்க வசதியில்லையே" என்பார் பலர். உண்மைதான். நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஏழையின் உணவாயிருந்த தினையும் சாமையும் இன்று கடையில் அரிசியினும் விலை மிக்கவை. எனினும், அரிசியை விலக்கினால்தான் நலம் என்று எண்ண வேண்டா. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம், கேழ்வரகில் 72, கம்பில் 67. வேறுபாடு பெரிதன்று. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் மிகுதி, கிடைத்தால் நன்று. ஆனால் அதனைக் கூழாகக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறவே செய்யும். மாற வேண்டியது முதலில் அளவு.

தட்டைப் பாருங்கள். பாதியில் காயும் கீரையும், கால் பங்கில் சோறு, கால் பங்கில் பருப்போ, பயறோ, முட்டையோ, மீனோ இருக்கட்டும். நம் வீடுகளில் முக்கால் தட்டு சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் அன்றோ இருக்கின்றன! கொல்லையில் முருங்கை நிற்க, கீரைக்குக் காசு தேட வேண்டியதில்லை. வாழைத்தண்டும் பூசணியும் சுரைக்காயும் மலிவானவை. கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் உண்டு. அதனை வேகவைத்த நீர் ரசமாகும், பயறு சுண்டலாகும். கடலோர ஊர்களில் சாளை மீன் மலிவு. பொரிக்காமல் குழம்பு வைத்தால் எண்ணெயும் மிச்சம். கொத்தனாருக்கு வேண்டியது கஞ்சியன்று. காலையில் இரண்டு இட்டிலியோடு நிறையச் சாம்பாரும், கையில் ஒரு பொட்டலம் சுண்டலும். வடைக் கடைக்குக் கால் போகாது.

எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேரே சட்டியில் சாய்க்க வேண்டா. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கிட்டு, நால்வர் வீட்டிற்கு இரண்டு லிட்டரைத் தனியே எடுத்து வைத்துக் கரண்டியால் அளந்து விடுங்கள். உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அக்கணக்கில் சேரும்.

வளரும் பிள்ளைகளுக்குச் சோறு ஓர் அகப்பை கூடலாம். குழம்பும் பொரியலும் அனைவர்க்கும் ஒன்றே. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் பிள்ளைகள் முகம் சுளிப்பர்; வாரம் ஒன்றாக மாற்றுங்கள். இன்னொன்றையும் நினைவில் கொள்க. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரெனச் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். சிறுநீரகக் கோளாறு உடையோர்க்குப் பருப்பும் கீரையும் அளவோடுதான் ஆகும். ஆதலால் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நாமும் சர்க்கரைக்கு மாத்திரை உண்பவரே. எனவே, இல்லம் தோறும் "இன்னும் கொஞ்சம் சாமி" என்று இலையில் சோறு வைக்கும் அன்பை, இனி ஒரு கரண்டிக் கீரையாகக் காட்டுமாறு வேண்டுகிறோம்.

அக்கொத்தனார் வீட்டிற்கு மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம். அன்று அடுப்பில் ஒரே உலை கொதிப்பதையும், அந்த அன்னை கணவரோடும் பிள்ளைகளோடும் அமர்ந்து, சுடுசோறும் கீரையும் உண்பதையும் காண விரும்புகிறோம்.