நாக்பூர் அழைப்பு

அரவிந்தர் வெள்ளைக்காரப் போலீசுக்குப் பயந்துதான் எங்கள் புதுச்சேரிக்கு ஓடி வந்தார் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தெய்வக் கட்டளை என்று நம்பியே 1910 ஏப்ரல் 4-ல் ‘துய்ப்ளெக்ஸ்’ கப்பலில் வந்து இறங்கினார். (எங்கள் ஊர் வாய்க்கு அது துப்ளேக்ஸ்.)

வெறும் பயம் என்றால், 1920-ல் நடந்ததற்கு என்ன பதில்? நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்க வாருங்கள் என்று டாக்டர் மூஞ்சே அழைத்தார். அரவிந்தர் மறுத்துவிட்டார். ஆபீசில் ஒரு நாற்காலிக்கு மனிதர்கள் எப்படி ஏங்குவார்கள் என்று பார்த்தவன் நான். போலீசை எதிர்த்து நிற்கலாம். மாலையோடு வருகிறவரைத் திருப்பி அனுப்புவதுதான் கஷ்டம்.

பாரதியார் 1918-லேயே கிளம்பிவிட்டார். அவர் வழி வேறு, குறை சொல்லவில்லை. அரவிந்தரோ 1950 டிசம்பர் 5-ல் மறையும்வரை இங்கேயே இருந்தார்.