ஒரு சாவி போதும். ஒரு காவலாளி போதாது

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

நம் கல்லூரிக்கு வாயில் ஒன்றுதான். ஆனால் மாணவர் ஒருவர் கணிப்பொறி வழியே நுழைய வேண்டிய வாயில்களோ பல. தேர்வு விண்ணப்பத்துக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று, 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ பயிற்சிக்கு ஒன்று, நூலக இதழ்களைப் படிக்க ‘என்-லிஸ்ட்’ என மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல்!

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நாம் இவற்றை யாரிடம் கேட்பது? தறியிலும் லாரியிலும் உழைக்கும் பெற்றோர் இவற்றை அறியார். ஆகவே பேருந்து நிலையத்தருகே உள்ள கணிப்பொறி மையத்தை நாடுகிறோம். “என் கடவுச்சொல் எனக்கு நினைவில்லை, கடைக்காரர் நோட்டில் இருக்கிறது” என்று சொல்லும் நண்பர்கள் நம் வகுப்பிலேயே சிலர் உண்டு. இது சிரிக்கத்தக்க செய்தியன்று, சிந்திக்கத்தக்கது. நம் அடையாளத்தின் சாவி அன்றோ அந்த நோட்டில் தொங்குகிறது!

இதற்கு மாற்று உண்டு. அதற்கு ‘ஒற்றை உள்நுழைவு’ என்று பெயர். இலவசப் பயண அட்டையை எண்ணிப் பாருங்கள். நாம் மாணவர்தாமா என்பதை ஓர் அலுவலகம் ஒரே முறை சரிபார்த்து முத்திரையிடுகிறது. பிறகு எந்த நடத்துநரும் நம் பிறப்புச் சான்றிதழைக் கேட்பதில்லை, முத்திரையை நம்புகிறார். அதுபோலவே, பல்கலைக்கழகத்தின் ஒரு சர்வர் நம் கடவுச்சொல்லைச் சரிபார்த்துக் கையொப்பமிட்ட சீட்டொன்றைத் தருகிறது. தேர்வுத் தளமும் நூலகத் தளமும் அந்தச் சீட்டை நம்பிக் கதவைத் திறக்கின்றன. கடவுச்சொல்லை அவை கண்ணாலும் காண்பதில்லை.

இது புதுமையன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1983இல் தொடங்கிய ‘ஏதெனா’ திட்டத்தில் இதற்கென உருவானதே ‘கெர்பரோஸ்’. கிரேக்கக் கதையில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. நம் நாட்டிலும் காந்திநகரிலுள்ள ‘இன்ஃப்லிப்நெட்’ மையம் ‘இன்ஃபெட்’ என்னும் கூட்டமைப்பை நடத்துகிறது. அதில் சேர்ந்த நிறுவனத்தார் தம் நிறுவனக் கடவுச்சொல்லைக் கொண்டே பதிப்பகங்களின் தளங்களில் நுழையலாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டமும் 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. உலகத்து ஆய்விதழ்கள் வாயிலில் வந்து நிற்கையில், சாவி இல்லாமல் நாம் நிற்கலாமா?

ஆனால் இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல பூட்டுகள் இருந்தபோது ஒன்று பழுதானால் மற்றவை திறந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே காவலாளி என்றான பின் அவன் மயங்கி விழுந்தால், எல்லாக் கதவும் ஒருசேர மூடும். 2020 டிசம்பர் 14 அன்று மாலை கூகுளுக்கே இது நேர்ந்தது. சேமிப்பிடத்தைப் பங்கிடும் தானியங்கி முறை, பயன்பாடு சுழி என்று தவறாகக் கணக்கிட்டு, அடையாளச் சேவைக்குரிய இடத்தைச் சுருக்கிவிட்டது. ஏறத்தாழ 47 நிமிடங்கள் உலகெங்கும் அஞ்சலும் வகுப்பறையும் முடங்கின. உள்நுழையாமல் யூடியூப் பார்த்தவர்களுக்கோ படம் தடையின்றி ஓடியது! வீடு இடியவில்லை, காவலாளிதான் விழுந்தான்.

நமக்கு அந்த 47 நிமிடம் எப்போது வரும்? தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் மொய்க்கும்போதே வரும். சொந்தக் கணிப்பொறி உடையவர் இரவில் மீண்டும் முயலலாம். கடைசிப் பேருந்தைப் பிடித்துக் கொல்லிமலைக்குத் திரும்ப வேண்டியவர் என்ன செய்வார்? அவருக்கு ‘நாளை வா’ என்பது ஒரு நாள் கூலியும் அபராதமும் ஆகும்.

எனவே காவலாளிகள் பலர் வேண்டும். நாமக்கல் லாரிக்காரர்களிடம் இதைக் கற்கலாம். ஸ்டெப்னி இல்லாமல் அவர்கள் நெடுந்தூரம் புறப்படுவதில்லை. அதில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமலும் புறப்படுவதில்லை. சர்வர் இரண்டே இருந்தால், இடையிலுள்ள இணைப்பு அறுந்ததும் ‘நானே தலைவன்’ என்று இரண்டும் எண்ணக்கூடும். மூன்று இருந்தால் இருவர் சொல் வெல்லும். மூன்றும் ஒரே அறையில், ஒரே மின் இணைப்பில் இருந்தால் பயனில்லை. முன்னே நின்று வருவோரைப் பகிர்ந்தனுப்பும் கருவியும் ஒன்றாக இராமல் இரண்டாக இருக்க வேண்டும். பயனர் விவரங்கள் மூன்றிலும் உடனுக்குடன் படியெடுக்கப்பட வேண்டும். அவற்றின் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் ஒன்று தந்த சீட்டைக் காலாவதியானதென்று மற்றது தள்ளிவிடும். விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது சோதனையாகாது. உண்மையில் உள்நுழைய முடிகிறதா என்பதே சோதனை. பருவத்துக்கு ஒருமுறையேனும் ஒரு சர்வரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தல் நலம்.

“ஒரே சாவி திருடு போனால் எல்லாம் போகுமே” என்பர் சிலர். நியாயமான அச்சம். இரண்டாவது சரிபார்ப்பு அதற்குத் தேவைதான். ஆனால் கைப்பேசிக்கு வரும் எண்ணை மட்டுமே நம்பினால், லாரியில் வெளிமாநிலம் சென்ற தந்தையிடம் கைப்பேசி உள்ள வீடுகளை என் செய்வது? அடையாள அட்டையைக் காட்டித் துறையிலேயே கடவுச்சொல்லைப் புதுப்பிக்கும் வழியும் வேண்டும். “பணம் ஏது?” என்பர் வேறு சிலர். ‘ஷிபொலெத்’, ‘கீக்ளோக்’ போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. செலவு சர்வர்களுக்கும், அவற்றைக் கவனிக்கும் ஆட்களுக்கும்தான். அந்த ஆட்களும் ஒருவராக இருத்தல் ஆகாது. விவரமறிந்த ஒரே ஊழியர் விடுப்பில் சென்றால் அவரும் ஒற்றைக் காவலாளியே அல்லவா?

1997இல் பிறந்த நம் பெரியார் பல்கலைக்கழகம் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி தருவது. அது ஒரு சாவி தருமாயின் மகிழ்வோம். அதோடு மூன்று காவலாளிகளையும் கேட்போம். கேட்பதோடு நில்லாமல், பேராசிரியர்களின் துணையுடன் நம் ஆய்வகத்தின் பழைய கணிப்பொறிகள் மூன்றில் இதை நிறுவிப் பார்ப்போம், வாருங்கள் நண்பர்களே! கடைக்காரரின் நோட்டிலிருந்து நம் பெயர்கள் ஒவ்வொன்றாக அழியட்டும்.