தீர்மான நோட்டு யார் கையில்?

எங்க ஊருக்கு பஸ் வரும். எங்க வளவுக்கு வராது.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு ஊர். பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு ஊரின் தகராறாகச் சுருக்கிவிடுவார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் எந்த ஊரின் பேரை அங்கே போட்டாலும் கதை பெரிதாக மாறாது. குச்சிக்கிழங்குக் காடு, சேகோ ஆலை, கோழிப்பண்ணை, ஊர். ஊரைத் தாண்டிக் கீழ்ப்புறம் அருந்ததியர் வளவு. முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன ஜில்லா இது. நாமக்கல் டேங்கர் லாரி இந்தியா பூரா ஓடுகிறது. டவுன் பஸ் மட்டும் ஊர்க் கோயில் முன்னாலேயே திரும்பிக்கொள்கிறது.

1997இல் மினி பஸ் திட்டம் வந்தது. பஸ்ஸையே பார்க்காத குக்கிராமங்களுக்கு என்றார்கள். எங்க பக்கமும் ஒன்று வந்தது. அதுவும் கோயில் வரைக்கும்தான். வளவுக்குப் போற ரோடு குறுகல், வண்டி திரும்பாது என்றார்கள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோனது. 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிற எங்க பொம்பளைங்க அந்த ஓசி பஸ்ஸைப் பிடிக்க ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். சேதியைக் கேட்டதும் எங்க வளவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: 'இது எங்க திரும்பும்?'

2023 ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்க பெரியம்மா எழுந்து நின்றார். வயசு அறுபதுக்கு மேல். 'ஏனுங்க சாமி, பஸ்ஸு எங்க வளவு வரைக்கும் வரோணும்னு நோட்டுல எழுதுங்க' என்றார். இருபத்தஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் நோட்டை வைத்திருந்தான். 'அதெல்லாம் நம்ம அதிகாரத்துல இல்ல, நீ உக்காரு' என்றான். அறுபது வயசு 'சாமி' என்கிறது, இருபத்தஞ்சு வயசு 'நீ' என்கிறது. சுதந்திர தினத்தன்றுதான்.

அவன் சொன்னதில் பாதி நிஜம். பஸ்ஸுக்கு வழித்தடம் கொடுப்பது பஞ்சாயத்து இல்லை. ஆனால் பஸ் வராததற்குக் காரணமாகச் சொல்லப்படும் அந்தக் குறுகல் ரோடு யாருடையது? பஞ்சாயத்து ரோடு. அதை அகலப்படுத்தத் தீர்மானம் போடவேண்டியது யார்? பஞ்சாயத்து. இந்த வழியாக பஸ் வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கலெக்டருக்கு அனுப்புவதை யாராவது தடுத்தார்களா? ஒருத்தரும் இல்லை. எழுதவில்லை, அவ்வளவுதான்.

ரோட்டோரத்துக்கு வருவோம். புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது, எல்லோருக்கும் பொது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். வெளியே வந்து பார்த்தால் அப்படி இல்லை. ஓரத்துப் புளியமரத்து மகசூல் ஏலம் போகும். ஏலத்தில் நம்ம ஆள் கை தூக்க முடியாது. ஊர்க்காரர் கடை முன்னால் கூரையை இறக்கினால் அது 'கொஞ்சம் முன்னால வந்திருக்கு'. நம்ம ஆள் குடிசை போட்டால் அது 'ஆக்கிரமிப்பு'. 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

கொடிக்கம்பமும் ரோட்டோர விவகாரம்தான். 2021 செப்டம்பரில் சேலம் மாவட்டம் ஓமலூர் பக்கம் கே.மோரூரில் விடுதலைச் சிறுத்தைகள் கொடியேற்றப் போனபோது போலீஸ் மறித்தது. மோதல் ஆனது, வழக்குகள் விழுந்தன. சாலை ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பம் ஊன்றும் இடம் எவ்வளவு? ஒரு சாண். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பொது இடங்களில் நிற்கும் கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை 12 வாரத்துக்குள் அகற்ற உத்தரவிட்டது. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றால் சந்தோஷம். ஆனால் ஐம்பது வருஷம் தடையில்லாமல் நின்ற கம்பத்தையும், அடி வாங்கி நேற்று ஊன்றிய கம்பத்தையும் ஒன்றாகப் பிடுங்குவது ஒன்றா? யோசிக்க வேண்டும் தோழர்களே.

அடுத்தது குப்பை. ஊர்க் குப்பையை எங்கே கொட்டுவது என்ற கேள்வி எங்க பஞ்சாயத்தில் விவாதத்துக்கே வந்ததில்லை. வளவுக்குப் பக்கத்து ஓடைதான் என்பது அம்மி மாதிரி நகராத முடிவு. செத்த கோழியை மூட்டை கட்டி ராத்திரியில் போட்டுவிட்டுப் போகிறவனுக்கும் அந்த ஓடைதான் தெரியும். குப்பையைக் கொட்டுவது நம் வாசலில், அள்ளுவதும் நம் கை. கிராமத்தில் அள்ளுகிறவருக்குத் 'தூய்மைக் காவலர்' என்று பேர். கொடுக்கிற பணத்துக்கு 'மதிப்பூதியம்' என்று பேர். மாசம் 3,600 ரூபாயாக இருந்ததை 5,000 ஆக்கினார்கள். சம்பளம் என்று சொன்னால் சட்டப்படியான கூலி, விடுப்பு, வைப்பு நிதி எல்லாம் கேட்பார்கள். மதிப்பு என்று சொல்லிவிட்டால் கும்பிடு போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நகரத்திலும் இதே கதை. சேலம் மாநகராட்சிக் குப்பை எருமாபாளையத்திலும் பிறகு செட்டிச்சாவடியிலும் மலையாகக் குவிந்தது. அள்ளுகிறவர்களின் வேலையோ நிரந்தரத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு இறங்கியது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைக் குறைத்து அவுட்சோர்சிங்கைப் பெருக்க வழி செய்தது. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அரசாங்க வேலை என்கிற ஒரே பிடிப்பில்தான் நம்ம ஆட்களில் ஒரு தலைமுறை பிள்ளைகளைப் படிக்க வைத்தது. பிள்ளை படித்து வருகிற நேரத்தில் அந்த வேலையே கான்ட்ராக்ட்காரன் கைக்குப் போய்விட்டது.

பஸ், ரோட்டோரம், குப்பை மூன்றும் மேலே டெல்லியில் முடிவாவதில்லை. பக்கத்தில், நமக்குத் தெரிந்த முகங்கள் உட்கார்ந்து, ஒரு நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு முடிவாகின்றன. இதை அம்பேத்கர் அன்றே பார்த்தார். 1932இல் பம்பாய் சட்டசபையில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, கிராமத்தின் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் அது யார் கைக்குப் போகும் என்று கேட்டு எதிர்த்தார். இன்றைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

ஆனால் அந்த நாற்காலியை வைத்து நல்லதும் செய்ய முடியும் என்பதற்கு சாட்சி இருக்கிறது. தாழ்த்தப்பட்டவர்களை பஸ்ஸில் ஏற்றாத காலம் ஒன்று இருந்தது. ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி ஏற்ற மறுக்கும் பஸ் முதலாளிகளின் லைசென்ஸ் ரத்தாகும் என்றார். முதலாளிகள் மனம் மாறியா ஏற்றினார்கள்? இல்லை. லைசென்ஸ் போய்விடும் என்று ஏற்றினார்கள்.

நாற்காலிக்கு மதிப்பில்லை என்றால் மேலவளவில் எதற்குக் கொன்றார்கள்? 1997 ஜூன் 30 அன்று பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்துத்தான் வெட்டினார்கள். ஆறு பேர். அதே வருஷம் வீரன் சுந்தரலிங்கம் பேர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பியபோது, அரசு எல்லாத் தலைவர்கள் பேரையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து எடுத்தது. சேலத்து அண்ணா போக்குவரத்துக் கழகமும் அப்படித்தான் பேரிழந்தது. ஒரு தலித் பேரை ஏற்றுக்கொள்வதைவிட எல்லாப் பேரையும் அழிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

இப்போது நம்மைப் பார்த்தும் ஒரு வார்த்தை. கொலை நடந்தால் கூடுகிறோம், சிலை உடைந்தால் கூடுகிறோம். கூடத்தான் வேண்டும். ஆனால் கிராம சபைக்கு யார் போகிறோம்? நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை உட்காரவைத்து, கூட்டம் காட்டி, வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கியபோது நம்மில் எத்தனை பேர் அங்கே இருந்தோம்? நானும் இல்லை, அன்றைக்கு நான் டவுனில் கருத்தரங்கில் இருந்தேன். தலைப்பு, அதிகாரப் பரவல்.

எங்க மாவட்டங்களில் 2016லிருந்து 2019 வரைக்கும் தேர்ந்தெடுத்த ஊராட்சி இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, மறுபடி தனி அலுவலர் கைக்குப் போனது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மான நோட்டு இருக்கும். வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை என்று வைத்திருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் அந்த நாளில் சொந்த ஊருக்குப் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: பஸ் எங்கே திரும்புது, குப்பை எங்கே விழுது, ரோட்டோரத்தில் யாருக்கு நோட்டீஸ்? பதில் சொல்லாவிட்டால் பரவாயில்லை, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் தராவிட்டால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

பெரியம்மா அடுத்த அக்டோபர் 2க்கும் போனார். இந்தத் தடவை நானும் போனேன். அதே பையன், அதே நோட்டு. 'எழுதுங்க சாமி' என்று அவர் ஆரம்பித்ததும் நான் 'பெரியம்மா, சாமி வேண்டாம்' என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்து, 'எழுது தம்பி' என்றார்.

எழுதினான். பஸ் இன்னும் வரவில்லை. ஆனால் தீர்மானம் நோட்டில் இருக்கிறது, நகல் என் கையில் இருக்கிறது.