கோய் குஞ்சு வாங்குவதும் கடைக்காரர் சொல்லை நம்புவதும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பயிருக்குச் சரி. கோய் மீனுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. இரண்டு அங்குலத்தில் கண்ணைப் பறிக்கும் குஞ்சு இரண்டு வருடத்தில் வெளிறிப் போகும். மூலையில் மங்கலாகத் திரிந்தது வளர வளரக் களை கட்டும். கோய் குஞ்சு வாங்குகிறவர் உண்மையில் மீனை வாங்குவதில்லை, ஒரு வாக்குறுதியை வாங்குகிறார். ஆகவே மீனைப் பார்க்கிற அளவுக்கு அதை விற்கிறவரையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஓய்வு பெற்ற பிறகு வாசலில் சிமெண்ட் தொட்டி கட்டிக் கோய் வளர்க்க ஆசைப்படும் நண்பர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சென்னைக்காரர்கள் என்றால் நேரே கொளத்தூருக்குத்தான் போவார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கோய் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். அது நம் சாதாக் கெண்டையின் வண்ண வடிவம்தான். ஜப்பானின் நீகாட்டா மாகாணத்து மலைக் கிராமங்களில், உணவுக்காக வளர்த்த கெண்டைகளில் அபூர்வமாக நிறம் தெரிந்தவற்றைப் பிரித்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்து உண்டாக்கினார்கள். 1914ல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகே வெளியுலகம் அதைக் கவனித்தது. வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு இருந்தால் கோஹாகு. அதோடு கறுப்புப் பொட்டுகளும் சேர்ந்தால் தைஷோ சான்கே. கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையும் ஓடினால் ஷோவா. தைஷோ, ஷோவா என்பவை அந்த நாட்டுப் பேரரசர் காலங்களின் பெயர்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நல்ல கோஹாகு ஜோடிக்குப் பிறக்கும் குஞ்செல்லாம் கோஹாகு ஆகிவிடாது. முழுக்க வெள்ளை, முழுக்கச் சிவப்பு, கோணல் வாய் என்று எல்லாம் வரும். ஒரு பெரிய தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஜப்பானியப் பண்ணைக்காரர் அந்தக் கோடைக்குள்ளேயே பலமுறை சலித்துக் கழித்து, மிகச் சிறு பகுதியை மட்டும் நிறுத்திக்கொள்கிறார். நாம் அங்கே காசு கொடுப்பது அந்தக் கழிப்புக்குத்தான். 2018ல் ஹிரோஷிமாவில் ஒரு கோஹாகு 20 கோடி யென்னுக்கும் மேல் ஏலம் போனது. அதன் பின்னால் நிற்பதும் இந்தக் கழிப்புதான்.

நம் ஊரில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் குஞ்சு பெரும்பாலும் இங்கேயே பண்ணைகளில் பொரித்தது. அதில் கேவலம் ஒன்றுமில்லை. நம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் பழகிய மீன் அது. கேவலம் எங்கே வருகிறதென்றால், அதே குஞ்சைக் காட்டி, "ஜப்பான் ப்ரீட் சார், நேத்துதான் ஃபிளைட்ல வந்துச்சு" என்று சொல்லும்போது. நீண்ட துடுப்புகளோடு மிதக்கும் பட்டாம்பூச்சிக் கோயைக் காட்டியே இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த வகை ஜப்பானிய மரபில் வந்ததே அல்ல. இந்தோனேசிய நீள்துடுப்புக் கெண்டையைக் கலந்து உருவாக்கியது. சொன்னவர் அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்பது வேறு. இரண்டில் எதுவானாலும் அவர் சொல்லை எடைக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, குஞ்சில் எதைத்தான் பார்ப்பது? முதலில் உடம்பு, அப்புறம் தோல், கடைசியில்தான் கோலம். நம்மில் பலர் தலைகீழாகப் பார்க்கிறோம்.

கோயை மேலிருந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் பக்கவாட்டில் பார்த்து வாங்குவது பாதி பார்த்து வாங்குவது. ஒரு வெள்ளை பேசினிலோ நீல டப்பிலோ விடச் சொல்லுங்கள். தறி நாடா மாதிரி நடுவில் திரண்டு இரு முனையும் ஒடுங்கிய உடம்பு, நேரான முதுகு, ஒரே அளவில் இரு பக்கத் துடுப்பு, முழுதாக மூடும் செவுள் மூடி, கோணாத வாய். இவற்றில் குறை இருந்தால் எந்த வளர்ப்பும் அதைச் சரி செய்யாது. வாயோரம் இரண்டு ஜோடி மீசை இருக்கிறதா என்று பாருங்கள். மீசையே இல்லாவிட்டால் அது தங்கமீன். நிறம் ஒன்றாக இருப்பதால் சின்ன வயதில் இரண்டையும் கலந்து விற்பது சுலபம். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண் இருந்தால், நெரிசலில் வளர்ச்சி குன்றிய வயதான மீனாக இருக்கக்கூடும். அதைக் குஞ்சு என்று சொல்லி விற்பார்கள்.

அடுத்தது தோல். வெள்ளை, பால் மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். நிறமேற்றும் தீவனத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் வெள்ளையில் மஞ்சள் ஏறும். சிவப்பு ஒரே சீராக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதல்ல. இளசில் அது பழுத்த ஆரஞ்சாக இருந்தால்கூடத் தவறில்லை. செதில் செதிலாக ஜன்னல் விட்டது போல மெலிந்த சிவப்பு நிலைக்காது. கறுப்பைப் பற்றி யாரும் உறுதி தர முடியாது. சான்கேயில் மறைந்து திரும்பி வரும். ஷோவாவில் தோலுக்கடியில் நீலச் சாம்பலாகக் கிடந்து வருடங்கள் கழித்து மேலேறும். "இந்தக் கறுப்பு அப்படியே நிக்கும், கேரண்டி" என்று ஒருவர் சொன்னால், கேரண்டி என்ற சொல்லைக் கேட்டதுமே நான் பையை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

கடைசியாகக் கோலம். சின்ன உடம்பில் அச்சடித்த மாதிரி கச்சிதமாக இருக்கும் கோலம், உடம்பு வளர்ந்து நீளும்போது சிதறித் தெரியலாம். இரண்டு அடி வளரக்கூடிய மீன் அது. அதனால் தாராளமான, பெரிய திட்டுகள் உள்ள குஞ்சே எனக்குப் பிடிக்கும்.

இனி விற்கிறவர். கடையில் நான் கேட்பது மூன்றே கேள்விகள். இந்தச் சரக்கு வந்து எத்தனை நாளாகிறது? என்ன தீவனம் போடுகிறீர்கள்? இந்தக் கூட்டத்தில் எதை நீங்கள் வாங்க மாட்டீர்கள்? மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை. "எல்லாமே சூப்பர் சார்" என்பவர் வியாபாரி. "அந்த ஓரத்துல ஒதுங்கி நிக்குது பாருங்க, அது வேணாம் ஐயா" என்பவரிடம் நம்பி வாங்கலாம். அதைவிடப் பெரிய அடையாளம், அவர் நம்மைத் திருப்பிக் கேட்பது. "உங்க தொட்டி எத்தனை லிட்டர்? ஃபில்டர் இருக்கா? போர் தண்ணியா, மெட்ரோ தண்ணியா?" இதைக் கேட்காமல், பேரனுக்கு மேஜைத் தொட்டியில் வைக்கக் கோய் கொடுக்கிறவர் மீன் சாகும் என்று தெரிந்தே கொடுக்கிறார். பல ஆண்டுகள் வாழவேண்டிய உயிரைச் சில வாரங்களுக்கு விற்கிறார்.

தண்ணீரையும் பாருங்கள். நீலமாகவோ மஞ்சள் பச்சையாகவோ மருந்து கலந்து நின்றால், எதற்கு மருந்து என்று கேளுங்கள். நேர்மையானவர் சொல்வார். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருப்பது, தரையில் உரசுவது, மேலே வந்து வாய் பிளப்பது, உடம்பில் நூல் போலத் தொங்கும் நங்கூரப்புழு, இவற்றில் ஒன்றை ஒரு மீனில் கண்டாலும் அந்தத் தொட்டியிலிருந்தே வாங்கக் கூடாது.

"ஐம்பது ரூபாய் மீனுக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று கேட்பார்கள். ஐம்பது ரூபாய் மீன்தான் தொட்டியிலுள்ள மற்றதையெல்லாம் கொண்டுபோகும். 1990களின் பிற்பகுதியில் உலகத்துக்குத் தெரியவந்த கோய் ஹெர்பிஸ் வைரஸ் குளத்தையே காலி செய்யக்கூடியது. மேலுக்கு நன்றாகத் தெரியும் மீனும் அதைச் சுமந்து வரலாம். அதனால் எவ்வளவு நம்பிக்கையான கடையானாலும், புது மீனை மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில், தனி வலையோடு வைத்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சரக்கு வந்ததும் பத்துப் பதினைந்து நாள் தனியே நிறுத்தி, சாவதைச் சாகவிட்டு, மிஞ்சியதை விற்கும் கடைக்காரருக்குத் தீவனம், கரண்ட், நஷ்டம் எல்லாம் கூடுகிறது. அவர் பத்து ரூபாய் அதிகம் சொன்னால், நாம் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுவது போலப் பேசிவிட்டு, நேற்று இறங்கிய பையை இன்றைக்கே பிரித்து விற்கும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறோம். பிறகு மீன் செத்ததும் "கொளத்தூர்ல எல்லாரும் ஃபிராடு" என்கிறோம். நேர்மையாக நடப்பவனுக்கு நஷ்டம் வரும்படி நாமே ஏற்பாடு செய்துவிட்டு, நேர்மை இல்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

எனவே ஜப்பான் என்ற பெயருக்குக் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள். கடைக்காரர் காத்திருந்த நாட்களுக்குக் கொடுங்கள். பேரம் பேசியே ஆகவேண்டுமென்றால் எண்ணிக்கையில் பேசுங்கள்: பத்துக்குப் பதில் மூன்று வாங்குங்கள். மூன்று நல்ல குஞ்சுக்கு இடமும் தண்ணீரும் தாராளமாகக் கிடைக்கும். அவை எப்படி வருகின்றன என்பதை வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கலாம். ஓய்வு பெற்றவர்களிடம் நேரத்துக்கா பஞ்சம்?