"பாவம், உட்காரு" என்று சொல்லாதீர்கள்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு நம் பக்கத்தில் முதலில் கிடைப்பது ஒரு நாற்காலி. "பாவம், உட்காரு. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்." சொல்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். நானும் சொன்னேன். அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

என் தங்கை சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். 2012-ல் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பிறகு கீமோ, ரேடியேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது, "அந்தக் கையால் கனம் தூக்க வேண்டாம்" என்று ஒரு வரி சொன்னார்கள். ஒரு அரசாணைக்குப் பத்து விளக்கக் கடிதம் எழுதிப் பழகிய குமாஸ்தா நான், சும்மா இருப்பேனா? துணி பிழியாதே, மாவு பிசையாதே, மாடி ஏறாதே, கடைக்குப் போகாதே. வாரம் ஒருமுறை கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய், எல்லாம் அமலில் இருக்கிறதா என்று தணிக்கை வேறு செய்தேன்.

ஒரே வருடத்தில் அவள் தோள் இறுகிவிட்டது. தலை பின்ன மருமகள் வர வேண்டும். உடம்பு கனத்தது, கை வீங்கியது. ஒருநாள் சொன்னாள்: "அண்ணா, வியாதி போயிடுச்சு. நீங்கதான் என்னை வியாதிக்காரியா வச்சிருக்கீங்க."

பேத்தியின் உதவியோடு இணையத்தில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது.

1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்ஸி என்ற மருத்துவர், இந்த நோயிலிருந்து மீண்ட 24 பெண்களைத் துடுப்புப் படகில் ஏற்றினார். கையை அழுத்தி வேலை வாங்கினால் வீங்கிவிடும் என்று மருத்துவ உலகம் பயந்திருந்த காலம் அது. பயந்தபடி யாருக்கும் கை வீங்கவில்லை. 2009-ல் அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் இருமுறை, கையில் அழுத்த உறை அணிந்து, சிறிது சிறிதாக எடையைக் கூட்டித் தூக்கியவர்களில் வீக்கம் முற்றியது 14 சதவீதம் பேருக்கு. தூக்காமல் இருந்தவர்களில் 29 சதவீதம். காரணம் புரியாத புதிர் அல்ல. நிணநீரைத் தள்ளுவதற்கு இதயம் மாதிரி தனி பம்பு கிடையாது; தசை அசைவு அது நகரப் பெரிதும் உதவும்.

இன்னொன்று 2005-ல் வந்தது. அமெரிக்கச் செவிலியர்களில் மார்பகப் புற்று வந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடப்பதற்குச் சமமாக உடலை அசைத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது.

தேதிகளைக் கவனியுங்கள். என் தங்கைக்கு அறுவை நடப்பதற்கு முன்பே இவ்வளவும் அச்சில் வந்தாகிவிட்டது. எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேரவில்லை.

"நம் பெண்கள் வீட்டு வேலை செய்கிறார்களே, அது போதாதா?" என்பார்கள். அன்பர்களே, நடைக்குப் போகாதே என்று தடுக்கும் அதே வாய்தான் பொங்கலுக்குப் பத்துப் பேருக்குச் சமைக்கச் சொல்கிறது. அடுப்படியில் நிற்பது தோளை விரித்துக் கொடுக்காது. அரைமணி வேகமாக நடந்ததற்கும் ஈடாகாது.

உண்மையான தடை வேறு. மார்பின் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதைத் தெருவில் யாராவது பார்ப்பார்களோ என்ற கூச்சம். "இந்த உடம்போட எங்கே கிளம்பிட்டே?" என்ற எதிர்வீட்டுக் கேள்வி. மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் எங்களைப் போன்ற ஓய்வூதியர்கள் கும்பலாக நடந்து அரசியல் பேசுகிறோம். எத்தனை பேர் மனைவியைக் கூட்டி வருகிறோம்?

அரசுக்கும் ஒரு விண்ணப்பம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். 2023-ல் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்தார்கள். இரண்டும் நல்ல காரியம். மார்பக அறுவை முடிந்த பெண்ணின் பெயர் அந்த வீட்டுப் பட்டியலில் தவறாமல் ஏற வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை எழுதுவது போலவே உடற்பயிற்சியையும் எழுத வேண்டும்: எது, எத்தனை நிமிடம், வாரம் எத்தனை நாள். வாயால் சொன்னது வீடு வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

எடுத்த எடுப்பில் குடத்தைத் தூக்கச் சொல்லவில்லை. மருத்துவரைக் கேட்டு, பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு, மெதுவாகக் கூட்ட வேண்டும். வீக்கமோ வலியோ கண்டால் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

புதுச்சேரியில் நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'ழிம்நாஸ்திக்' வகுப்பு கட்டாயம். வாத்தியார் "தெபூ!" என்றால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். இப்போது விடியற்காலையில் தங்கை சிதம்பரத்தின் நான்கு ரத வீதிகளையும் சுற்றி வருகிறாள். நான் அங்கே தங்கும் நாட்களில் கதவைத் தட்டி எழுப்புகிறவள் அவள்தான். "தெபூ, அண்ணா!"

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நாளைக் காலை நாற்காலியை இழுத்துப் போடாதீர்கள். செருப்பை எடுத்துக் கொடுத்து, நீங்களும் கூட நடங்கள்.